பதினாலரைக்குக் கீழே

நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குள் ஒரு வடிகட்டி உண்டு. அட்டைச் சட்டத்துக்குள் வெள்ளைத் துணி அடைத்த மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் இரண்டு மூன்று தடவையாவது அதை மாற்ற வேண்டும். யாரும் மாற்றுவதில்லை. நான் போய்க் கழற்றினால் நாய் முடியும் தூசியுமாகத் திரண்டு, கம்பளித் துண்டு போலக் கையோடு வரும். வீட்டுக்காரர்கள் கூச்சத்தோடு சிரிப்பார்கள். மறந்தே போயிற்று என்பார்கள். நான் யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. மஸ்கீகன் என்கிற இந்த ஏரிக்கரை ஊரில் இத்தனை வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். என் மேல் ஒரு புகார்கூட வந்தது கிடையாது. முதலாளியைக் கேட்டுப் பாருங்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மேடம், விசாரிக்க உட்கார்ந்ததிலிருந்தே நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வையில் ஏற்கெனவே ஒரு முடிவு தெரிகிறது. குடும்பங்களைக் கெடுப்பதற்கென்றே வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. இந்த ஊரில் நான் இறங்காத நிலவறை குறைவு. அத்தனை வீட்டிலும் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒரு வீட்டைத் தவிர.

பந்தயம் எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். தொலைபேசியில் தொடங்கியது. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஊரில் முடி வெட்டும் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை அவரைக் கூப்பிட்டு ஒரு கால்பந்து அணியின் பெயரைச் சொன்னால் போதும், திங்கட்கிழமை முடி வெட்டப் போகும்போது கணக்கு தீர்ந்துவிடும். பிறகு கணினி வந்தது. முகம் தெரியாத ஆட்களோடு சீட்டாடினேன். என் மனைவி டோரீன் நான் செய்தி படிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டமே மாறியது. எல்லாம் பகிரங்கமாகக் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. சுரண்டும் லாட்டரி, சுழலும் பழங்கள், எங்கோ ஒரு அறையில் நின்று நேரலையில் சீட்டுப் போடும் பெண்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு திரையில் நம் பெயர் தெரியும் போலிருக்கிறது. "வாங்க வெர்ன், இன்னிக்கு எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் டோரீன் அப்படிக் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

அப்புறம் ஆட்டம் நடக்கும்போதே வைக்கிற பந்தயம். யார் ஜெயிப்பார்கள் என்பதல்ல. அடுத்த பந்து என்ன ஆகும், அடுத்த சர்வீஸ் உள்ளே விழுமா, வெளியே விழுமா. பூமியில் எங்கேயாவது யாராவது பந்தை அடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேனில் உட்கார்ந்து, எந்த நாடு என்றே தெரியாத ஊரில் இரண்டு பேர் மேசைப்பந்து ஆடுவதில் வைத்திருக்கிறேன். அவர்கள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. திரையில் எண்கள் மட்டும் மாறும்.

ஆசை என்று எழுதிக்கொள்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆசை இல்லை. பயம். பந்து காற்றில் இருக்கும்வரை உடம்பில் ஒரு பயம் ஓடும். விரல்கள் சில்லிட்டுப் போகும். அது உள்ளே இருக்கிற வரைக்கும் வேறு எந்தப் பயமும் உள்ளே வர இடம் இருக்காது. வயது, வீடு, நெஞ்சில் வருகிற வலி, எதுவும் வராது. ஜெயித்தால் அது நின்றுவிடும். அதனால்தான் ஜெயித்தவுடன் இன்னொன்று வைப்பேன். தோற்றாலும் வைப்பேன். ஜெயிப்பும் தோல்வியும் எனக்கு ஒன்றுதான் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

டோரீனும் நம்பவில்லை. அவள் அக்காவின் இறுதிச் சடங்கில், தேவாலயத்தில், முன்வரிசையில் உட்கார்ந்து மடியில் கைப்பேசியை வைத்திருந்தேன். அவள் குனிந்து காதுக்குள் கேட்டாள்.

"என் அக்கா பொட்டியில கெடக்கா. நீ என்னத்தப் பாத்துட்டிருக்க?"

"ஸ்கோர்."

"யாரோட ஸ்கோர்?"

உண்மையாகவே யார் ஆடுகிறார்கள் என்று தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் பயந்திருந்தாள். அந்த மாதமே டலீடோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோரா லிண்ட்ஸிக்கு வருகிறேன்.

கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்தில், தனி ஒரு பெண் எத்தனை புள்ளி எடுப்பாள் என்று பந்தயம் வைக்கலாம். கோராவுக்குப் பதினாலரை என்று போட்டிருப்பார்கள். அரைப் புள்ளி யாராலும் எடுக்க முடியாது. சமமாக வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அரை. பதினைந்து எடுத்தால் மேலே, பதினான்கோடு நின்றால் கீழே. அவள் எங்கள் ஊர்ப் பெண். தெற்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் படிக்கிறாள். ஊர்ப் பெண் என்பதால் நான் எப்போதும் மேலேதான் வைப்பேன்.

பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் கஸ் இதைத் தெரிந்துகொண்டு என்னை விடவே மாட்டான்.

"ஏண்டா வெர்ன், பொண்ணுங்க பந்து போடறதுல கூடவா வைக்கிற? அடுத்து என்ன, எங்க அம்மா பிங்கோ ஆடறதுல வைப்பியா?"

"உங்கம்மாவுக்கு எவ்வளவு போட்டிருக்கான்?"

"அவ ஏமாத்துவா. அவ மேல வைக்காத."

நன்றாகச் சிரித்தோம். நான் சிரிக்கத் தெரியாதவன் இல்லை.

அந்த டிசம்பர் குளிரில் ஓர் ஆட்டத்தில் அவள் ஆரம்பத்திலேயே தப்பாட்டம் மேல் தப்பாட்டம் செய்து, ஐந்தானால் வெளியேற்றிவிடுவார்கள் என்பதால் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தாள். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் குடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பணம் அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவளுக்கு எழுதினேன். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம். முதல் செய்தி மரியாதையானதுதான். ஊர்க்காரர்கள் உன்னை நம்பியிருக்கிறோம், கவனமாக ஆடு என்று. பதில் இல்லை. இரண்டாவது கொஞ்சம் கடுமை. மூன்றாவதை நீங்கள் அச்சடித்து அந்தக் கோப்பில் வைத்திருக்கிறீர்கள், நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. என் பெயரில் எழுதவில்லை என்பது உண்மை. அங்கே யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை.

நான்காவதில் ஒரு சொல்கூட இல்லை. அவள் அம்மாவின் வீட்டுப் படம் மட்டும். அந்தத் தெருவில் வேறொரு வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது வேன் கண்ணாடி வழியாக எடுத்தது. முன்வாசலில் பனி அள்ளிக் குவித்திருந்தது, படியில் ஒரு மண்வெட்டி சாய்ந்திருந்தது. அழகான படம். அதை மிரட்டல் என்று நீங்கள் எழுதலாம். அதில் மிரட்டல் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டுங்கள்.

அடுத்த ஆட்டத்தில் அவள் ஆறே புள்ளி எடுத்தாள். கையில் பந்து வந்தால் யாரிடமாவது தள்ளிவிடுவதிலேயே குறியாக இருந்தாள். நடுவில் ஒரு தடவை பார்வையாளர் பக்கம் திரும்பி, யாரையோ தேடுவது போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கேமரா அவள் கண்ணுக்கு வெகு அருகில் போனது. அந்தக் கண்ணில் இருந்தது எனக்குப் பழக்கமானது. என் விரல்களில் ஓடுவதுதான் அவள் கண்ணிலும் இருந்தது. நான் அன்றைக்குத் தோற்றேன், ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். பயந்தால் அவள் கீழே. அதற்குப் பிறகு நான் மேலே வைக்கவில்லை.

ஆனால் அவள் அந்தப் பக்கத்தை மூடிவிட்டாள். கைப்பேசி எண்ணை மாற்றினார்கள். கல்லூரிக் காவலர் ஒருவர் அவளோடு நடப்பதாகச் செய்தித்தாளில் போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, பதினாறு, பதினெட்டு என்று எடுக்கத் தொடங்கினாள். எனக்கு அவளைத் தொட வழியில்லாமல் போயிற்று. அதை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். லிண்ட்ஸி வீட்டு ஃபர்னஸ் தானாகவே அணைகிறது, ஆள் அனுப்புங்கள் என்று பட்டறைக்கு அழைப்பு வராமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான் அந்த வீட்டைத் தேடிப் போகவில்லை. அவர்கள்தான் கூப்பிட்டார்கள். கஸ் போகவிருந்தான். நான் போகிறேன் என்று சொன்னேன், அவ்வளவுதான்.

கோராவின் அம்மா பெவர்லி லிண்ட்ஸி கதவைச் சங்கிலியோடு திறந்து, இடுக்கு வழியாக என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற வேனைப் பார்த்தார். அதன் பிறகுதான் சங்கிலியை எடுத்தார். கதவுக்குப் பின்னால் ஒரு பேஸ்பால் மட்டை சாய்த்து வைத்திருந்தது.

ஃபர்னஸில் ஒரு சின்னப் பாகம் போயிருந்தது. மாற்றினேன். வடிகட்டியையும் மாற்றினேன், அதற்குக் காசு வாங்கவில்லை. அன்றைக்கு நான் செய்தது முழுக்க ஒழுங்கான வேலை. மேலே வந்தபோது அடுப்பில் பீன்ஸும் இறைச்சியும் கொதிக்கிற வாசனை.

"உக்காருங்க. இந்தக் குளிர்ல அப்படியே வெளிய போகாதீங்க. ஒரு கிண்ணம் சில்லி சாப்பிட்டுப் போங்க."

"பரவால்ல மிஸ்ஸஸ் லிண்ட்ஸி."

"மிஸ்ஸஸ் லிண்ட்ஸின்னா என் மாமியாரு. நான் பெவ். சோள ரொட்டி வேணுமா?"

உட்கார்ந்தேன். குளிர்பெட்டிக் கதவு முழுக்கக் கோராவின் படங்கள். பல் விழுந்த கோரா, முட்டியில் கட்டுப் போட்ட கோரா, பந்தோடு கோரா.

"பொண்ணா?" என்று கேட்டேன்.

"கோரா. நீங்க பாத்ததில்லையா? ஊருக்கே தெரியுமே." கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "கொஞ்ச நாளா பாவம், புள்ளைக்கு நிம்மதியே இல்ல. எவனோ ஒரு நாதாரி அவளுக்குக் கண்டபடி எழுதறான். இந்த வீட்டையே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். அம்மா கதவப் பூட்டு, கதவப் பூட்டுன்னு போன்ல அழறா. வளந்த பொண்ணு, சின்னப் புள்ளையாட்டம் அழறா. நான் சிரிச்சுச் சமாளிச்சேன். போன வச்சதுக்கப்புறம் எல்லாக் கதவையும் ரெண்டு ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேன்."

"இந்த மாதிரி ஆளுங்க கொரைக்கிறதோட சரிங்க. கடிக்க மாட்டாங்க."

"போலீஸும் அதத்தான் சொன்னாங்க." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஆனா ஒரு காரு மெதுவாப் போனாக்கூட எழுந்து பாக்கறேன். மளிகைக்கடையில ஒருத்தன் சும்மா என்னப் பாத்துச் சிரிச்சான். சாமான் தள்ளுவண்டிய அங்கயே விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். பாலும் வாங்கல, முட்டையும் வாங்கல."

"இப்ப பயமா இல்லையா? என்ன உள்ள விட்டிருக்கீங்களே."

"யாரையாவது விட்டுத்தான ஆகணும். குளிருதே." அவர் சிரித்தார். "வேன்ல கம்பெனி பேரு எழுதியிருந்துச்சு. அதப் பாத்துத்தான் தொறந்தேன்."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சில்லியில் அவர் கொஞ்சம் கோகோ போட்டிருந்தார், டோரீனும் அப்படித்தான் போடுவாள்.

அடுத்து அவர் சொன்னதை நான் கேட்டு வாங்கவில்லை. தானாகச் சொன்னார். "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போயிருவேன். கூடைக்கு நேர் பின்னாடி, மூணாவது வரிசை. அவ அப்பா போனதுலேருந்து இது ஒரு பழக்கம். எதிரணி தப்பு பண்ணி ஃப்ரீ த்ரோ கெடைச்சா, பந்து போடறதுக்கு முன்ன ஒரு தடவ என்னப் பாப்பா. நான் தலைய ஆட்டுவேன். அப்பறந்தான் போடுவா. போன வருஷம் பனியில கார் சிக்கிக்கிச்சு, என்னால போக முடியல. ஒண்ணுகூட உள்ள விழல அவளுக்கு. என் சீட்டையே பாத்துட்டு நின்னாளாம்."

நான் ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டேன். நன்றி சொன்னேன். வேனில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் வண்டியை எடுக்காமலே இருந்தேன்.

பலர் தவறாக நினைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அவளை ஆடவிடாமல் செய்வதுதான் எனக்கு வேண்டியது என்று நீங்களும் முதலில் நினைத்தீர்கள். அது எனக்கு உதவாது. அவள் களத்தில் காலே வைக்கவில்லை என்றால் பந்தயம் ரத்து, வைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவள் வர வேண்டும். ஆட வேண்டும். அந்த மூன்றாவது வரிசை நாற்காலி மட்டும் காலியாக இருக்க வேண்டும். அவர் காரின் டயரில் காற்றை இறக்கலாமா என்று யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அழைத்துப் போய்விடுவார். அல்லது டயர் போச்சு கண்ணே, நீ நல்லா ஆடு என்று மகளுக்குத் தகவல் சொல்லிவிடுவார். காரணம் தெரிந்த கவலை ஒரு பயமே இல்லை. ஏன் வரவில்லை, ஏன் போனை எடுக்கவில்லை என்று தெரியாமல் இருக்க வேண்டும். அதுதான் பயம். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலம். அன்றைக்கு மதியம் போனேன். போன வாரம் போட்ட பாகத்தை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், கட்டணம் இல்லை என்றேன். இந்த முறை சங்கிலி போட்டிருக்கவில்லை. அணியின் நிறத்தில் ஒரு சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் விரித்திருந்தார். அணிப் பிள்ளைகளுக்காக ஒரு தட்டு நிறையப் பிஸ்கட் சுட்டு ஆற வைத்திருந்தார்.

"ரெண்டு எடுத்துக்கோங்க வெர்ன். சும்மா எடுங்க, அதுங்களுக்கு எவ்வளவு போட்டாலும் பத்தாது."

எடுத்துக்கொண்டேன். கீழே இறங்கினேன். மேலே அவர் நடக்கிற சத்தம் பலகையில் கேட்டது. ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். நச்சு வாயு கசிந்தால் கத்துகிற பெட்டியை ஊமையாக்கினேன். புகை வெளியே போகும் குழாயை விலக்கினேன். இதற்கு மேல் விவரம் வேண்டாம். உங்கள் ஆட்கள் வேண்டிய அளவு படம் எடுத்திருக்கிறார்கள். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. தலை வலிக்கும், குமட்டும், அசதியாக இருக்கும். காய்ச்சல் வருகிறது போல என்று நினைத்துப் படுப்பார்கள். ஒரு சாயங்காலம் அவர் படுத்துக் கிடக்க வேண்டும், அதுதான் என் எண்ணம். தலைவலிக்கு மேல் நான் யாருக்கும் எதுவும் நினைக்கவில்லை.

நான் மேலே வந்தபோது சோபாவில் போர்வையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கெளம்பறதுக்கு முன்ன ஒரு அரைத் தூக்கம் போடறேன். ரொம்ப தூரம் ஓட்டணும்."

"நல்லாத் தூங்குங்க பெவ். சூட்ட ஏத்தி வச்சிருக்கேன்."

"நீங்க ரொம்ப நல்லவரு," என்றார்.

ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். தண்ணீர் கரையோரம் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. கோராவுக்குப் பதினாலரைக்குக் கீழே. இருந்ததையெல்லாம் அதில் வைத்திருந்தேன். அவள் ஓடி வந்து களத்தில் கால் வைத்தாள். அப்பாடா என்றிருந்தது. உடனே அவள் கண் கூடைக்குப் பின்னால் போயிற்று. மூன்றாவது வரிசையில் ஒரு இடம் காலி.

முதல் பாதி நான் நினைத்தபடியே போயிற்று. எளிதான பந்துகளை விட்டாள். ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே அந்த நாற்காலியைப் பார்த்தாள். தட்டினாள், பார்த்தாள், தட்டினாள். போட்டது வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. இடைவேளையின்போது ஆறு புள்ளிதான். அறைக்குள் போகிற வழியில் யாரோ ஒருவர் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். உதடு அசையவில்லை. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். கேமரா வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அந்த நேரத்தில் அவரைப் பற்றி நினைத்தாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நினைத்தேன். தூங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். மகள் கூப்பிட்டும் எழவில்லையே, தூக்கம் கொஞ்சம் ஆழம்தான் என்று நினைத்தேன். நான் வேன் ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. பிறகு இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது.

இரண்டாம் பாதியில் வந்தது வேறொரு பெண். அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும் என்பவள் போல, கையில் கிடைத்த பந்தையெல்லாம் தூரத்திலிருந்தே வீசினாள். அவ்வளவு தூரத்திலிருந்து விழுந்தால் ஒன்றுக்கு மூன்று புள்ளி. ஒன்று விழுந்தது, ஒன்பது. இன்னொன்று விழுந்தது, பன்னிரண்டு. எனக்குத் தெரியாத ஒன்று அதுதான். பயம் ஓர் அளவைத் தாண்டினால் ஆளை முடக்காது, வெறி பிடித்து ஓட வைக்கும். ஆட்டத்தில் இன்னும் எவ்வளவோ நேரம் பாக்கி. ஒரே ஒரு வீச்சு போதும், பதினைந்து. போன் கையிலிருந்து நழுவி இருக்கைக்கு அடியில் விழுந்துவிட்டது. தேடி எடுத்தேன்.

அப்போதுதான் கூப்பிட்டேன். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. நான்தான் கூப்பிட்டேன்.

அரங்கத்தின் எண்ணில் ஒரு பெண் எடுத்தார். பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

"கோரா லிண்ட்ஸிகிட்ட உடனே சொல்லுங்க. அவங்கம்மா வீட்ல நெனவில்லாம கெடக்காங்க."

"கடவுளே. நீங்க யாரு சார்? ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இதோ சொல்றேன். நீங்க மொதல்ல அவகிட்ட சொல்லுங்க. இப்பவே. ஆட்டத்த நிறுத்திச் சொல்லுங்க."

"சார், ஆம்புலன்ஸ்..."

"சொல்றேங்க. நீங்க ஓடுங்க."

திரையைப் பார்த்தேன். யாரோ குனிந்து ஓடிவந்து பயிற்சியாளரின் காதில் பேசினார்கள். பயிற்சியாளர் இடைநிறுத்தம் கேட்டார், ஆட்டம் நின்றது. கோரா கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் முகத்தை விவரிக்கச் சொல்லாதீர்கள். கையில் இருந்த துண்டு கீழே விழுந்தது. பிறகு ஓடினாள். சீருடையோடு, அந்தக் குளிரில் மேல்சட்டைகூட இல்லாமல், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். கதவு மூடும்வரை பார்த்தேன். அவள் திரும்பி வரமாட்டாள் என்று உறுதியான பிறகு அவசர எண்ணைக் கூப்பிட்டு வீட்டு முகவரியைச் சொன்னேன். முதலில் அரங்கம், பிறகு ஆம்புலன்ஸ். இந்த வரிசையை நீங்கள் ரொம்பப் பெரிதாக்குகிறீர்கள், மேடம். இரண்டு அழைப்புக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று உங்களிடம் தாள் இருக்கிறது. எனக்கு அது ஒரு நொடி போலத்தான் இருந்தது.

அவள் பன்னிரண்டோடு நின்றாள், நான் ஜெயித்தேன். மறைக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் திரையில் பச்சை நிறம் வந்தது. வந்தவுடன் உடம்பில் இருந்த பயம் சட்டென்று நின்றுபோய், வேனுக்குள் ஒரு பெரிய அமைதி. அந்த அமைதியில் வேறொன்று எழுந்து வரப் பார்த்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. எங்கோ ஒரு ஊரில் பனிக்கட்டி ஹாக்கி நடந்துகொண்டிருந்தது. வந்தது முழுவதையும் அதில் வைத்தேன். அவரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிற ஆம்புலன்ஸின் சத்தம் ஏரிச் சாலையைத் தாண்டிப் போவது கேட்டபோது அந்தப் பணமும் போய்விட்டிருந்தது.

என்னை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதில் வியப்பில்லை. என் சொந்த எண்ணிலிருந்துதான் கூப்பிட்டேன். பூட்டிய வீட்டுக்குள் ஒருத்தி நினைவில்லாமல் கிடப்பது ஏரிக்கரையில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்ட முதல் கேள்வியே நல்ல கேள்வி. ஒளிய வேண்டும் என்று நினைக்கிறவன் அப்படிக் கூப்பிடுவானா? அதையாவது யோசித்துப் பாருங்கள்.

பெவ் உயிரோடு இருக்கிறார். மகளின் பெயர் சில நாள் வருகிறதாம், சில நாள் வருவதில்லையாம். கரண்டியைப் பிடித்தால் வாய்க்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிடுகிறதாம். கோரா அணியை விட்டுவிட்டு வந்து அவருக்கு ஊட்டிவிடுகிறாள் என்று நேற்று சொன்னீர்கள். எதிரே யாராவது கதவைத் திறந்தால் அந்தப் பெண் இப்போதும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுவிடுகிறாளாம். இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள். வருத்தம் இருக்கிறது. யாருக்குத்தான் இருக்காது. ஆனால் மருத்துவர் எழுதியதை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். பழைய வீடு, ஜன்னல் இடுக்கில் கொஞ்சம் காற்று வந்துகொண்டிருந்தது, இருந்தாலும் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் எடுத்திருப்பார்கள் என்று. தாமதிக்காமல் கூப்பிட்டது யார்? அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மகளுக்கே தெரியாது. அந்த ஒரு அழைப்பு இல்லாவிட்டால் அவர் இன்றைக்கு இல்லை. இதை நீதிபதியிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழாயை விலக்கியது நான்தான். பெட்டியை ஊமையாக்கியது நான்தான். அந்தப் படத்தையும் நான்தான் அனுப்பினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் எல்லாப் பழியும் என் மேலேயே விழுவது நியாயமில்லை. இடைவேளையில் அவள் ஆறோடு நின்றிருந்தாள். அந்த ஆறிலேயே அவள் இருந்திருந்தால், நான் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமே வந்திருக்காது.